விடுமுறை முடிந்து மலை இறங்குகிறவர்களுக்கு: டிக்கெட்டுக்கு முன்னால் நாகர்கோவில் வரைக்குமான வழியை யோசியுங்கள்

குற்றியாற்று மருமகன் எழுதியது:

காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் ஒட்டி வரும் நாட்களில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புவதைப் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். பேச்செல்லாம் டிக்கெட்டைச் சுற்றியே இருக்கிறது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது, தத்காலுக்கு ஆதார் கட்டாயமானது, ஞாயிற்றுக்கிழமை இரவு ஆம்னி பஸ் கட்டணம் எங்கே போய் நிற்கிறது என்பது. நாகர்கோவில், தக்கலை, கன்னியாகுமரி என்று பெரிய சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு அது போதும். நான் எழுதுவது பேச்சிப்பாறைக்கு மேலே குற்றியாறு, கோதையாறு, மோதிரமலை, தச்சமலை, இந்தப் பக்கம் கீரிப்பாறை, பாலமோர், மாறாமலை என்று மலைக்குள்ளே சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு. நமக்கு டிக்கெட் இரண்டாவது கவலைதான்.

என் மனைவியின் வீடு குற்றியாற்றில், ரப்பர் தோட்டக் குடியிருப்பில். சென்னைக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதில் நாகர்கோவிலிலிருந்து எழும்பூர் வரை படுத்துத் தூங்கிக்கொண்டே போய்விடலாம். மலையிலிருந்து நாகர்கோவில் வந்து சேரும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில்தான் எல்லாம் நடக்கிறது. மாலை ரயிலுக்கு மத்தியான வண்டியைப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள், ரயில் போன பிறகு நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் பார்க்கிறேன். பார்க்கவே மனம் கேட்பதில்லை.

மழையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. புரட்டாசி கடைசியும் ஐப்பசியும் ஒன்று போய் மற்றொன்று வருகிற நாட்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பத்து மணிக்கு மலை முகடு துல்லியமாகத் தெரியும். மத்தியானம் தாண்டியதும் முகட்டில் மேகம் இறங்கும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். தினமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலான நாட்களில் இதுதான் முறை. மாலை ரயிலுக்காக மத்தியானம் கிளம்புகிறவர் சரியாக அந்த மழைக்குள்தான் இறங்குகிறார். காட்டாற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் வண்டி நின்றுவிடும். ரப்பர் மரக்கிளை ஒன்று முறிந்து சாலையில் விழுந்தாலும் அப்படித்தான். அதை வெட்டி அகற்ற அரிவாளோடு ஆள் வரும் வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். தகவல் சொல்லலாம் என்றால் பாதி வழிக்குக் கைபேசியில் சிக்னல் இருக்காது.

அடுத்தது பேருந்து. மலைத்தடத்தில் ஒரு நாளைக்கு ஓடுவதே சில நடைகள்தான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம். சில நாட்களில் அந்த அடுத்த நடை வராமலே போகும்.

அதனால் நான் சொல்வது இதுதான். ரயில் எந்த நேரமாக இருந்தாலும் மலையிலிருந்து காலையிலேயே இறங்கிவிடுங்கள். அதிகாலை ரயில் என்றால் முந்தின நாளே இறங்கித் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ இரவு தங்குங்கள். அந்த ஒரு நாளை விடுமுறையில் இழந்த நாளாக நினைக்க வேண்டாம், பயணத்தில் சேர்ந்த நாள் அது. குழந்தைகளைத் தூங்க வைத்து, ஈரத்துணியைக் காய வைத்து, நிதானமாக ஸ்டேஷனுக்குப் போகலாம்.

இன்னொன்று. வண்டி ஏறுவதற்கு முன் குழந்தைகளின் சாக்ஸை இறக்கிக் கணுக்காலைப் பாருங்கள். தோட்டத்துப் பாதையில் ஏறிய அட்டை வலிக்கவே வலிக்காது. திருவட்டார் தாண்டும்போது சாக்ஸ் சிவந்திருப்பதைப் பார்த்துக் குழந்தை அலறும். ஒரு காகிதத்தில் கொஞ்சம் உப்பு மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும்.

இதே வழியில் போய் வருகிற மற்றவர்களும் எழுதுங்கள்.

பெருங்களத்தூர் இரவல் வாசி எழுதியது:

அண்ணாச்சி, சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு மொத்தமே நான்கு நாள் லீவு. போக வர ரயிலில் இரண்டு இரவு. அதில் ஒரு நாளை நாகர்கோவில் லாட்ஜில் கழிப்பதற்கு நான் எதற்கு ஊருக்கு வர வேண்டும்? அம்மாவோடு இருக்கிற நேரமே கொஞ்சம். அதைக் குறைக்க எனக்கு மனமில்லை.

ஜீப் அமர்த்திக்கொள்வதுதான் என் வழி. வீட்டு வாசலில் ஏறினால் ஸ்டேஷன் வாசலில் இறங்கலாம். காசு கூடத்தான். இரண்டு குடும்பம் சேர்ந்தால் தாங்கும். மரம் விழுந்தால் ஓட்டுநர் வேறு வழி தெரிந்தவராக இருப்பார். மழையில் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு வராத வண்டிக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

மார்த்தாண்டம் மயினி எழுதியது:

இரண்டு பேரும் நாகர்கோவிலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேற்குப் பக்க மலையிலிருந்து வருகிறவர்களுக்குக் குழித்துறை ஸ்டேஷன் இருக்கிறது என்பது ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்று எனக்குப் பெரிய வருத்தம். பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம் வந்து, திருவட்டார், ஆற்றூர் வழியாக மார்த்தாண்டம் இறங்கினால் ஸ்டேஷன் பக்கத்தில்தான். கொல்லத்திலிருந்து சென்னை போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறையிலும் இரணியலிலும் நின்றுதான் போகிறது. குருவாயூர் எக்ஸ்பிரஸும் அப்படியே. பெங்களூரு போகிறவர்களுக்கு ஐலண்டு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கன்னியாகுமரியில் புறப்பட்டு இந்த வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறது. நாகர்கோவில் வரை போய்த் திரும்பவும் அதே ரயிலில் குழித்துறையைக் கடந்து போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவிலிலேயே ஏறுவதாக இருந்தாலும் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று கண்ணை வைத்துப் படியுங்கள். ஜங்ஷன் கோட்டாற்றில் இருக்கிறது. டவுன் ஸ்டேஷன் பள்ளிவிளையில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து வந்து திருநெல்வேலிக்குத் திரும்பும் சில ரயில்கள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். அனந்தபுரி அப்படி ஒன்று. வடசேரியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னால் அவர் கோட்டாற்றுக்கு ஓட்டுவார். பிறகு இரண்டுக்கும் நடுவே நகர நெரிசலில் தவிக்க வேண்டியதுதான்.

மார்த்தாண்டத்தில் 2018இல் மேம்பாலம் வந்த பிறகு ஊரைக் கடப்பது முன்போல் இல்லை, நிச்சயமாக எளிது. ஆனால் பாலத்துக்குக் கீழே, சந்தை பக்கம், விடுமுறைக் கடைசி நாளில் வண்டி நகராது. மலையிலிருந்து வரும் பேருந்து கீழ்ச்சாலையில்தான் வரும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அணை திறந்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. 42 அடியைத் தாண்டும் நாட்களில் எச்சரிக்கை வந்துவிடும். உபரித் தண்ணீர் திறந்தால் திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள், குழித்துறையில் சப்பாத்து, அதாவது ஆற்றுக்குக் குறுக்கே உள்ள தாழ்வான தரைப்பாலம், மூழ்கும். சப்பாத்து வழியாகக் குறுக்கே போய்விடலாம் என்று இருசக்கர வண்டியில் வருகிற தம்பிமார் தயவுசெய்து பெரிய பாலத்தையே பிடியுங்கள்.

குற்றியாற்று மருமகன் எழுதியது:

மயினி, குழித்துறை விஷயம் பொன்னான தகவல். அனந்தபுரியில் இடம் கிடைக்கிறவர்கள் அதையே செய்யலாம். எங்களுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான் வசதி, அதனால் ஜங்ஷனுக்குப் போயே ஆக வேண்டும்.

பெருங்களத்தூர் தம்பி, அம்மாவோடு இருக்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்வேனா? மலையில் கழிக்கிற கடைசி மத்தியானம் எப்படிப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். பை கட்டுவது, வானத்தைப் பார்ப்பது, ஜீப்காரர் வருவாரா என்று வாசலுக்கும் திண்ணைக்கும் நடப்பது. அம்மாவும் சாப்பிட்டிருக்க மாட்டார், நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பொழுதைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன். முடிந்தால் அம்மாவையும் நாகர்கோவில் வரை கூட்டி வாருங்கள். அன்றிரவு எல்லோரும் ஒன்றாக இருந்துவிட்டு மறுநாள் காலை வண்டியில் அவரை ஏற்றிவிடலாம். எங்கள் மாமியாரை அப்படித்தான் கூட்டி வருகிறோம். சுசீந்திரம் போய்ச் சாமி கும்பிட்டு, கோட்டாற்றுக் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு போவார். அவருக்கும் அது ஒரு விடுமுறை.

மலையோரப் பள்ளி எழுதியது:

நான் இந்த மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கீழேயிருந்து தினமும் நீங்கள் பேசுகிற இதே வண்டியில்தான் ஏறி வருகிறேன். அந்த வண்டி திரும்பி இறங்கும்போது யார் யார் அதில் போகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த இழையில் ஒருவருமே அதை எழுதவில்லை.

காலையில் இறங்கும் நடையில் குலசேகரத்துக்கு மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறநோயாளியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டுப் பதிவு முடிவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் அவர்களுக்கு வேறு வண்டி உதவாது. காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து நல்லமிளகும் வாழைக்குலையும் தலைச்சுமையாகக் கொண்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். சாலைக்கு வரவே காட்டுப்பாதையில் வெகுதூரம் நடந்திருப்பார்கள். மத்தியான நடையில் ரப்பர் பால்வெட்டு முடித்த பெண்கள் வருகிறார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி, பிறகு சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பாலை உரித்துக்கொண்டே வண்டிக்கு ஓடி வருவார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து, முன்பெல்லாம் நடந்தே போனவர்களும் வண்டியில் வருகிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

விடுமுறை முடிகிற அன்று என்ன நடக்கிறது? வண்டி கிளம்புகிற இடத்திலேயே சக்கரம் வைத்த பெட்டிகளும், அரிசிச் சாக்கில் கட்டிய கிழங்கும், குலை குலையாக நேந்திரமும் பின்படி வரை அடைத்துவிடுகின்றன. அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்கிற பிள்ளைகள் ஏற முடிவதில்லை. கண்டக்டர் என்ன செய்வார் பாவம். அடுத்த வண்டியில் வா என்கிறார். அடுத்த வண்டி எப்போது என்று அண்ணாச்சியே எழுதிவிட்டார். சென்ற ஆண்டு பள்ளி திறந்த அன்று ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் நனைந்தபடி என் வகுப்பறை வாசலுக்கு வந்து நின்றாள். கீழே போக வேண்டியவள், இடமில்லாமல் மேலே நடந்து வந்துவிட்டாள். வீட்டுக்குப் போக மனமில்லை, இங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் வருவது எங்களுக்கு மகிழ்ச்சி. கோடையைவிட இந்த விடுமுறையில்தான் மலைக்கு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள், குடியிருப்பே கலகலக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: பள்ளி திறக்கிற நாள் காலையில் சாமானோடு முதல் நடையில் ஏறாதீர்கள். அதற்கு முந்தின இரண்டு நாட்களில் எப்போது வேண்டுமானாலும் இறங்குங்கள்.

பெருங்களத்தூர் இரவல் வாசி எழுதியது:

டீச்சர், அப்படியானால் நான் சொன்ன ஜீப்தானே நல்லது? நாங்கள் வண்டியில் ஏறாவிட்டால் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமே.

மலையோரப் பள்ளி எழுதியது:

நான்கு நாளுக்கு இடம் கிடைக்கும் தம்பி, உண்மை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான் எங்கள் பயம். வருகிறவர்களெல்லாம் ஜீப்பில் வந்து ஜீப்பில் போனால், அந்தத் தடத்தில் பேருந்துக்கு ஆளே இல்லை என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிவிடுவார்கள். மலைத்தடத்தில் நடை ஒன்று நின்றுபோனால் அதைத் திரும்ப வாங்க மனு மேல் மனுவாக அலைய வேண்டும். நாளைக்கு ஜீப்புக்குக் கொடுக்கக் காசு உள்ளவர்கள் போவார்கள், மற்றவர்கள் நடப்பார்கள்.

என் யோசனை: ஆட்கள் பேருந்தில் வாருங்கள். சாமான் அதிகம் என்றால் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து சாமானுக்கு மட்டும் ஒரு ஜீப் அமர்த்திக் குலசேகரம் வரை இறக்குங்கள். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் வண்டிக்குப் பஞ்சமில்லை. கைக்குழந்தை, முதியவர், உடம்பு சரியில்லாதவர் இருந்தால் ஜீப்பிலேயே போங்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

அழகியபாண்டியபுரம் பாட்டா எழுதியது:

மக்களே, டீச்சர் பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வரி எழுத வந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்தபோது நம் மாவட்டத்தில் ரயிலே கிடையாது. 1979இல்தான் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாதை வந்தது. திருநெல்வேலிப் பாதை 1981இல் வந்தது. அதுவரை பூஜை விடுமுறை முடிந்து திரும்புவது என்றால், நாகர்கோவிலில் பஸ் ஏறி, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலி போய், அங்கேதான் ரயிலைப் பார்க்க வேண்டும். மலையில் வேலை பார்த்த என் அத்தான் எஸ்டேட் லாரியில், ரப்பர் ஷீட் கட்டுகளின் மேல் உட்கார்ந்து இறங்கி வருவார். புகைபோட்ட ஷீட்டின் நெடி சட்டையில் ஏறிவிடும். திருநெல்வேலியில் ரயில் பெட்டிக்குள் அவர் நுழைந்ததுமே பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பார். இரண்டு துவைப்புக்கும் போகாத நெடி அது. ஆனால் அத்தான் நேரத்துக்கு வராமல் இருந்ததே இல்லை. ஒரு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். மருமகப்பிள்ளை இப்போது சொல்வதும் அதேதான். நல்ல முறை.

இன்னொன்று சொல்கிறேன். மலை இறங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டத்தைவிட்டு வெளியேறும் பாதைகளே அறுபட்டுப்போனது உண்டு. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்த கோலத்தை யாரும் மறக்க முடியாது. உள்சாலைகளில் நாள்கணக்கில் வண்டி போகவில்லை, கரண்டும் இல்லை. 2021 நவம்பரில் நாகர்கோவில் திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடியது. 2023 டிசம்பரில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மிதந்தபோது அந்தப் பக்கம் ரயில் ஓடவில்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு வாசல். கிழக்கே ஆரல்வாய்மொழி, மேற்கே களியக்காவிளை. பெரும்பாலும் ஒன்று அடைபட்டால் மற்றது திறந்திருக்கும். மழை பிடித்துக்கொண்ட வாரம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் யோசனை வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போக முடியாதபோது திருவனந்தபுரம் போய், பாலக்காடு வழியாக வடக்கே போகிற ரயிலைப் பிடித்துக் கோயம்புத்தூர், சேலம் என்று ஏறிவிடலாம். சுற்றுத்தான், ஆனால் வீடு போய்ச் சேரலாம்.

கீரிப்பாறை, பாலமோர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வழி வேறு. எங்கள் ஊர் வந்து, பூதப்பாண்டி வழியாக நேரே வடசேரி. தக்கலை நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. குலசேகரத்திலிருந்தும் சுருளோடு வழியாக இந்தப் பக்கம் வந்துவிடலாம். பெரிய சாலையில் நெரிசல் என்று கேள்விப்பட்டால் ஜீப்காரரிடம் இந்த வழியைச் சொல்லுங்கள்.

பத்மநாபபுரம் கோட்டைத்தெரு எழுதியது:

பாட்டா நெரிசல் என்றதும் நினைவு வந்தது. விஜயதசமி கழிந்த வாரத்தில் திரும்புகிறவர்கள் நவராத்திரி பவனியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போய்விட்டு அதே சாலையில்தான் ஊர் திரும்புகிறார்கள். விஜயதசமிக்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு, பிறகு புறப்பாடு. நெய்யாற்றின்கரை, குழித்துறை என்று இரவு தங்கித் தங்கி மூன்றாம் நாள் பத்மநாபபுரம் வந்து சேர்வார்கள். அந்த நாட்களில் களியக்காவிளையிலிருந்து தக்கலை வரை ஊருக்கு ஊர் வரவேற்பு இருக்கும். வழிநெடுக வீட்டு வாசலில் குத்துவிளக்கும் நிறைநாழியும் வைத்துக் காத்திருப்பார்கள். வாகனங்கள் மெதுவாகத்தான் போகும்.

இதை இடைஞ்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போகும்போது பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை வாங்கிக்கொண்டு புறப்படுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். திரும்பி வரும்போது அந்தக் கூட்டம் இருக்காது. ஊர்க்காரர்களும், அந்த நேரத்தில் சாலையில் இருக்கிறவர்களும்தான். எங்கள் தெருப் பெண்களுக்குப் போகிற நாளைவிட வருகிற நாள்தான் பெரிது. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இரண்டு மாநிலக் காவலர்களும் அணிவகுத்து மரியாதை செய்து நடத்துகிற பயணம் இது. நேரம் இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நில்லுங்கள். பிள்ளைகள் காலமெல்லாம் நினைவில் வைத்திருப்பார்கள்.

பெங்களூரு வாடகை வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம். அம்மா மரச்சீனிக் கிழங்கு தந்துவிடுகிறார். பெங்களூரு வந்து வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருக்கிறது. தூக்கிப்போட மனம் வலிக்கிறது. என்ன செய்யலாம்? நல்ல தேனும் வாங்க வேண்டும், எங்கே வாங்கலாம்?

மார்த்தாண்டம் மயினி எழுதியது:

பிள்ளே, மரச்சீனி பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் அப்படித்தான் ஆகும். கிழங்கின் குணம் அது. அம்மா வாஞ்சையில் இரண்டு நாள் முன்பே பிடுங்கிக் கழுவி வைத்துவிடுகிறார் போலிருக்கிறது. கிளம்புகிற அன்று காலையில் பிடுங்கச் சொல். கழுவ வேண்டாம், மண்ணோடு இருக்கட்டும். தண்டோடு சேர்கிற காம்பைக் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும், கிழங்கில் காயம் படக் கூடாது. காயம் பட்ட இடத்திலிருந்துதான் கோடு ஓடத் தொடங்கும். ஈரச் சாக்கில் சுற்றிக்கொள். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் கிழங்கைத் தோலுரித்து வேகவைத்துவிடு. அல்லது தோலுரித்துத் துண்டாக்கிப் பையில் கட்டி ஃபிரீசரில் வை, பல நாள் இருக்கும்.

தேன் விஷயத்தில் கவனமாக இரு. நம் ரப்பர்த் தோட்டத் தேன் மாசி, பங்குனியில்தான் மிகுதியாகக் கிடைக்கும். அப்போதுதான் ரப்பர் துளிர்க்கிறது. துளிரின் இலைக்காம்பில் ஊறுகிற தேனைத்தான் ஈக்கள் எடுக்கின்றன. ஐப்பசி மழையில் சாலையோரத்தில் "இன்றைக்கு எடுத்த புதுத்தேன்" என்று யாராவது நீட்டினால், எந்தப் பூவிலிருந்து என்று கேட்டுப் பார். சேமித்து வைத்த தேன் என்று நேர்மையாகச் சொல்கிற உற்பத்தியாளரிடமே வாங்கு. புவிசார் குறியீடு பெற்ற தேன் நம்முடையது. அதன் பெயரில் சர்க்கரைப்பாகை விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நேந்திரத்தைவிட மட்டிப்பழம் கொண்டு போ. சிறியது, கனமில்லை. ஆனால் தோல் மெல்லிசு, நசுங்கிவிடும். பழுக்காத சீப்பாக வாழைச்சருகில் சுற்றிக் கைப்பையில் மேலே வை.

குற்றியாற்று மருமகன் எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு வீட்டில் பேசினோம். இனி எங்கள் குடும்பம் பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை காலையிலேயே இறங்கும். நான் முதலில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: காலையில் இறங்குங்கள், பள்ளி திறக்கும் நாளின் காலையை மட்டும் விட்டுவிடுங்கள். குடியிருப்பில் இன்னும் இரண்டு குடும்பங்கள் சென்னையிலிருந்து வருகின்றன. அவர்களிடம் சாமான் ஜீப்பைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவருக்கு இன்னும் தயக்கம், தன் சாமான் தன் கண்முன்னே இருக்க வேண்டும் என்கிறார். ஜீப்பில் வீட்டுக்கு ஒருவர் சாமானோடு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டீச்சர், அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை என்ன ஆனாள்?

மலையோரப் பள்ளி எழுதியது:

தேர்ச்சி பெற்றுவிட்டாள் அண்ணாச்சி. இப்போது நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். இந்த ஆயுத பூஜைக்கு அவளும் உங்களைப் போல விடுமுறைக்கு வந்து திரும்பப் போகிறவள்தான். சனிக்கிழமை காலை வண்டியில் இருப்பாள். உங்கள் பிள்ளைகளுக்கு ஜன்னலோர இடம் வேண்டுமென்றால் வண்டி கிளம்புகிற இடத்துக்கே வந்து ஏறச் சொல்லுங்கள். பேச்சிப்பாறையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

பெருங்களத்தூர் இரவல் வாசி எழுதியது:

எனக்கு அனந்தபுரியில் குழித்துறையிலிருந்து இரண்டு டிக்கெட் கிடைத்திருக்கிறது மயினி, நன்றி. அம்மாவும் மார்த்தாண்டம் வரை வருகிறேன் என்கிறார். அவர் அன்றே திரும்ப வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து மலைக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மயினி எழுதியது:

கடைசி வண்டியை நம்பி அம்மாவை அழைத்து வராதே தம்பி, மழை நாளில் அது வரவும் செய்யும், வராமலும் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இருக்கிற வண்டியில் ஏற்றிவிடு. நேரத்தைப் பஸ் நிலைய அலுவலகத்தில் அன்று காலையே கேட்டுக்கொள். விடுமுறை நாட்களில் மாறும். தனியாகப் போகத் தயங்கினால் குலசேகரம் வரை என் அக்கா வீட்டுக்காரர்கள் தினமும் போகிறார்கள். தனிச்செய்தியில் எழுது, துணைக்கு ஏற்பாடு செய்கிறேன்.